வானோடியின் தோலங்கி: உடையவன் யார் என்னும் வினா

போரிற் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அக்கல்லில் அவன் பெயரையும் அவன் ஆற்றிய செயலையும் பொறித்து வைத்தல் பண்டைத் தமிழர் வழக்கம். கல்லைத் தேர்தல், கொணர்தல், நீராட்டல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என இவ்வழக்கு முறையாக நிகழ்ந்தது. தொல்காப்பியர் புறத்திணையியலில் இதனைக் காட்சி முதலாக வாழ்த்து ஈறாக ஆறு படிகளாக வகுத்துள்ளார். இத்துணை முயற்சியும் ஒரு பெயரைக் காத்தற்பொருட்டே செய்யப்பட்டது. பெயர் நின்றவரை அது நடுகல். பெயர் தேய்ந்தபின் வழிப்போக்கன் கண்ணுக்கு அது வெறுங் கல்.

பெயரைக் காத்தலேயன்றிக் களத்தில் இன்னார் இன்ன படையினர் என அறிதலும் வேண்டப்பட்டது. சேரர் பனம்பூவையும் சோழர் ஆத்தியையும் பாண்டியர் வேம்பையும் சூடியது இக்கருத்துப் பற்றியே. வெட்சியும் கரந்தையும் வஞ்சியும் சூடிய பூவினால் மறவன் மேற்கொண்ட வினை இன்னதென்பது புலனாயிற்று. பூ அணியைக் காட்டும்; ஆளைக் காட்டாது. ஆள் இன்னான் என்பது பெயரால் மட்டுமே நிலைபெறும். அப்பெயரும் சிலபோது தவறிவிடுவதுண்டு. சங்கப் புலவருட் சிலர் இயற்பெயர் மறைந்து, தாம் பாடிய பாட்டிலுள்ள ஒரு தொடராலேயே அறியப்படுகின்றனர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், தேய்புரிப்பழங்கயிற்றினார் என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தவை. தொகுத்தோர் அறியாத பெயரைப் புனைந்து சேர்த்தாரல்லர்; கிடைத்த சான்று எவ்வளவோ அவ்வளவில் அமைந்தனர். வரலாற்றாய்வாளன் போற்றிக் கொள்ள வேண்டிய ஒழுக்கம் அது.

அவ்வொழுக்கத்தை ஒரு சிறு பொருளின்மேல் வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். அப்பொருள் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானி ஒருவனின் தோலங்கி. மட்டக்களப்பு வாவிக்கரைக் குடும்பம் ஒன்றின் பழம் பெட்டியிலிருந்து அத்தகைய அங்கி ஒன்று வெளிப்படுவதாகக் கொள்வோம். தோல் கறுத்து வெடித்திருக்கின்றது. கழுத்துப்புறத்துச் சீட்டு அரைகுறையாக நிற்கின்றது. உட்புறத்தில் மையின் சுவடு தெரிகின்றது. இதனை முதன்முதல் அணிந்தவன் யாவன் என்னும் வினாவுக்கு விடை காண்பது எங்ஙனம்?

இவ்வினாவைக் கல்லடியிலோ பாலமீன்மடுவிலோ எழுப்பினால், விடை ஆராய்ச்சிக்கு முன்னரே வந்துவிடும். "ஹேர்மிஸ் கப்பலில் இருந்தவனுடையது" என்பதே அவ்விடை. அது இயல்பான விடைதான். இக்கடலிற் போர்க்கப்பல் ஒன்று தாழ்ந்ததும், அது விமானந்தாங்கிக் கப்பல் என்பதும் ஊரார் அறிந்தவை. விமானந்தாங்கிக் கப்பல் உண்டு, விமானியின் அங்கி உண்டு. இரண்டையும் இணைக்க வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆயினும் எளிதாகப் பொருந்தும் கதையையே முதலில் ஐயுற வேண்டும். ஆதலின் அக்கப்பலின் வரலாற்றை முதற்கண் நோக்குதல் தகும்.

1941 டிசெம்பரிற் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய யப்பானியக் கடற்படை, 1942 ஏப்பிரலில் அட்மிரல் நகுமோவின் தலைமையில் இந்து சமுத்திரத்துட் புகுந்தது. அகாகி, ஹிரியு, சோரியு, சொக்காக்கு, சுயிக்காக்கு என்னும் ஐந்து விமானந்தாங்கிகள் அதனுடன் வந்தன. ஏப்பிரல் 4ஆந் தேதி, கொக்கலவிலிருந்து சென்ற கனேடிய விமானப்படையின் 413ஆம் அணிக் கற்றலினா விமானம் அப்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பு தாக்குண்டது. கோர்ண்வால், டோர்செற்சயர் என்னும் இரு பிரித்தானியக் கப்பல்கள் தென்கடலில் அமிழ்த்தப்பட்டன.

ஏப்பிரல் 8ஆந் தேதி பகைப்படை மீண்டும் காணப்பட்டது. திருகோணமலை தாக்கப்படும் என்பதை உணர்ந்த அதிகாரிகள், துறையிலிருந்த கப்பல்களை அன்றிரவே வெளியேற்றித் தென்றிசையாகக் கரையோரம் செல்லப் பணித்தனர். ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கியும் அதற்குத் துணையான அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலாகிய வம்பயரும் அவ்வாறு சென்றவற்றுட் சேர்ந்தவை. 9ஆந் தேதி காலையில் திருகோணமலையும் சீனன்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. அந்நேரத்தில் ஹேர்மிஸ் வடக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் யப்பானிய வேவு விமானம் ஒன்று அதனைக் கண்டுகொண்டது.

பின்னர் நிகழ்ந்தது மிகக் குறுகிய நேரத்தில் முடிந்தது. பாய்ந்து குண்டெறியும் விமானங்கள் 85, முற்பகல் பத்தரை மணிக்குப் பின் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஹேர்மிஸ் நீருள் மறைந்தது. கப்பற் தலைவர் ஒன்ஸ்லோ உள்ளிட்ட 307 பேர் மாண்டனர். வம்பயரும் அன்றே அமிழ்ந்தது. அதன் தலைவர் மோரனும் உயிர் துறந்தார். ஹொலிஹொக் என்னும் காவற்கப்பலும், அதெல்ஸ்ரேன், பிரிட்டிஷ் சார்ஜன்ற் என்னும் எண்ணெய்க் கப்பல்களும் அவ்விதியையே அடைந்தன. அவ்வழியே சென்ற வீற்றா என்னும் மருத்துவக் கப்பல், நீரில் மிதந்த ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது.

ஹேர்மிஸ் கப்பல் வரலாற்றில் தனியிடம் பெற்றது. வேறு கப்பலை மாற்றியமைக்காமல், தொடக்கத்திலேயே விமானந்தாங்கியாக வரைந்து கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அதுவே. எனினும் கட்டி முடிப்பதில் யப்பானியரின் ஹோஷோ அதனை முந்திக்கொண்டது. அத்தகைய கப்பல் தாக்குண்ட அந்நாளில் அதன் தளத்தின்மேல் விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. அதற்குரிய 814ஆம் அணியின் சோட்ஃபிஷ் விமானங்கள் முன்னரே இறக்கப்பட்டுச் சீனன்குடாவில் விடப்பட்டிருந்தன. உதவிக்கு வரவேண்டிய ஃபுல்மர் விமானங்கள் இரத்மலானையிலிருந்து வந்து சேர்ந்தபோது காலங் கடந்துவிட்டது.

இவ்வொரு செய்தியே முதல் விடையின் அடித்தளத்தைத் தளர்த்திவிடுகின்றது. விமானமில்லாத விமானந்தாங்கியினின்றும் விமானியின் அங்கி கரைசேர்ந்தது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். கப்பலில் மாண்டோரும் மீண்டோரும் பெரும்பாலும் மாலுமிகள், இயந்திரத் தொழிலாளர், பீரங்கியாளர் ஆகியோரே. மேலும், எண்ணெய் படர்ந்த கடலில் உயிருக்குப் போராடியவன் கனத்த தோலங்கியைச் சுமந்து நீந்தினான் என்பது எளிதில் நம்பத்தக்கதன்று. ஹேர்மிஸ் என்னும் விடை முற்றிலும் தவறென்பதன்று. அது விடையாவதற்கு இன்னும் தகுதி பெறவில்லை என்பதே கருத்து.

அவ்வாறாயின் வேறெவர் இருந்திருத்தல் கூடும்? கிழக்குக் கரையின் வானில் அக்காலத்துப் பறந்தோர் பலர். சீனன்குடாவில் 261ஆம் அணியின் ஹரிக்கேன் சண்டைவிமானங்கள் இருந்தன. ஏப்பிரல் 9ஆந் தேதி கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து எழுந்த 11ஆம் அணியின் பிளென்ஹீம் விமானங்களுள் ஒன்பது, நகுமோவின் கப்பல்களை அடைந்து குண்டெறிந்தன. அவற்றுள் ஐந்து மீளவில்லை. பிளென்ஹீம் ஒன்றிற் செல்வோர் மூவர். வேவு பார்த்த கற்றலினாக்கள் கொக்கலவிலிருந்து நெடுந்தொலைவு பறந்தன. பின்னர் வவுனியா, மின்னேரியா, சிகிரியா முதலிய இடங்களிலும் விமானத்தளங்கள் அமைந்தன. ஆங்கிலேயர், ஸ்கொத்லாந்தர், கனேடியர், அவுஸ்திரேலியர், நியூசீலாந்தர் எனப் பல நாட்டினரும் இத்தளங்களிற் பணியாற்றினர்.

அமெரிக்கரையும் மறத்தலாகாது. 1944 ஆகஸ்ட் 10ஆந் தேதி, சீனன்குடாவிலிருந்து பீ-29 வகைப் பெருவிமானங்கள் 54 எழுந்து, சுமாத்திராவிலுள்ள பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிச் சென்றன. போய் மீளும் வழி 3,800 மைலுக்குக் குறையாதது. மீண்டு வருகையில் எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் கடலில் இறங்கியது. ஆகவே அமெரிக்க அங்கி ஒன்று கீழ்மாகாணக் கரையிற் கிடைப்பது வியப்பன்று. அதனைக் கண்டவுடன் 1942ஐ எண்ணுவதே வழுவாகும்.

இனி அங்கியையே சான்றாக வைத்து ஆராய்தல் வேண்டும். முதலிற் கேட்க வேண்டியது, வெப்ப நாட்டில் இவ்வுடை எதற்கு என்பது. நிலமட்டத்திலிருந்து உயரச் செல்லச் செல்ல, கிலோமீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 பாகை செல்சியசு வீதம் வெப்பம் குறைகின்றது. மட்டக்களப்பில் 30 பாகையாக இருக்கும் நண்பகலில், 6,000 மீற்றர் உயரத்தில் நீர் உறையும் குளிர் நிலவும். ஆகவே உயரப் பறந்தவனுக்குத் தடித்த அங்கி தேவை. கடலை ஒட்டித் தாழப் பறந்து வேவு பார்த்தவனுக்கு அது பெருஞ் சுமை. பீ-29 விமானத்திலோ ஆட்கள் இருக்கும் அறைகளின் காற்றழுத்தமும் வெப்பமும் சீராக வைக்கப்பட்டிருந்தமையால், மெல்லிய உடையே போதியது. அங்கியின் கனம் இவ்வாறு அதனை அணிந்தவனின் தொழிலை ஓரளவு உணர்த்தி நிற்கும்.

பிரித்தானிய விமானப்படையின் தடித்த அங்கி, செம்மறியாட்டுத் தோலின் மயிர் உட்புறமாக அமையத் தைக்கப்பட்டது. லெஸ்லி இர்வின் என்னும் அமெரிக்கர் 1919இல் வான்குடையைத் தாமே விரித்துக் குதித்துக் காட்டியவர். பின் இங்கிலாந்தில் லெச்வேத் நகரில் தொழிற்சாலை நிறுவியவர். 1930களில் அவர் வகுத்த அங்கியே இர்வின் அங்கி எனப் பெயர் பெற்றது. அதன் சீட்டிற் செய்தோர் பெயர், அளவு, ஒப்பந்த இலக்கம், விமான அமைச்சின் முடிச் சின்னம் ஆகியவை காணப்படும். அமெரிக்கரின் ஏ-2 அங்கி இதனின் வேறானது. 1931இல் ஏற்கப்பட்ட அது, குதிரைத்தோல் முதலியவற்றால் மெல்லிதாகச் செய்யப்பட்டு, இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னற் கம்பளி பொருத்தப்பட்டது. 1943இல் தோலுக்குப் பதிலாகத் துணியங்கி வழங்க முடிவு செய்யப்பட்டமையால் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் பெற்றோர் பலர் போர் முடியும்வரை அதனையே விரும்பி அணிந்தனர்.

சீட்டில் உள்ள ஒப்பந்த இலக்கம் அங்கி தைக்கப்பட்ட காலத்தைக் காட்டும். அணிந்த காலத்தைக் காட்டாது. தோளிலும் மார்பிலும் தைத்த சின்னங்கள் படைப்பிரிவைக் காட்டும். சின்னம் அறுத்தெடுக்கப்பட்டிருந்தாலும், ஊசித்துளைகளின் வரிசையும் வெயில் படாது நிறம் மாறாமல் நின்ற தோலின் வடிவமும் அது வட்டமோ கேடயமோ என்பதைக் கூறும். அமெரிக்க அங்கியின் இடமார்பிற் பெயர் பொறித்த தோற்பட்டை இருப்பது வழக்கம். சீனம், பர்மா முதலிய நாடுகளின் வான்வழியே சென்றோர், தாம் யாவர் என்பதையும் தமக்கு உதவுமாறும் அந்நாட்டு மொழியில் எழுதிய துணியை அங்கியில் தைத்ததும் உண்டு. அத்துணியில் இலக்கமும் இருக்கும்.

யாவற்றினும் பயன்படுவது உட்புறத்துக் குறி. அமெரிக்கப் படையில், குடிப்பெயரின் முதலெழுத்தையும் படையிலக்கத்தின் இறுதி நான்கு இலக்கங்களையும் சேர்த்துச் சலவைக்குறியாக எழுதும் வழக்கம் இருந்தது. அவர் இலக்க முறையில், 1இல் தொடங்குவது தாமே விரும்பிச் சேர்ந்த படையாளையும், 3இல் தொடங்குவது சட்டத்தால் அழைக்கப்பட்டவனையும் குறிக்கும். அதிகாரிகளின் இலக்கம் வேறெழுத்தோடு நடக்கும். மங்கிய மை கண்ணுக்குப் புலப்படாதவிடத்துச் செந்நிறக்கீழ் ஒளியிற் படமெடுத்தால், கரி கலந்த மை கறுத்த தோலின்மீதும் தெளிவது உண்டு. ஊதாகடந்த ஒளியிற் பார்க்குமிடத்து நூல் வெண்ணீலமாய் ஒளிர்ந்தால், அந்நூல் பெரும்பாலும் போருக்குப் பிற்பட்டதாகும். இவ்வகை அங்கிகளைப் பிற்காலத்தில் வணிகத்துக்காகப் பழையன போலச் செய்தோர் பலராதலின், இச்சோதனையைத் தவிர்த்தல் கூடாது.

இவ்விடத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. அங்கி படைக்குரிய பண்டம், அணிந்தவனுக்குச் சொந்தமானதன்று. ஒருவன் இடம் மாறும்போது அதனைப் பண்டகசாலையில் ஒப்படைப்பான். அது பிறனொருவனுக்கு வழங்கப்படும். முந்தியவன் பெயர் வெட்டப்பட்டு அதன்கீழ்ப் பிந்தியவன் பெயர் எழுதப்படுவதுண்டு. போர் முடிந்தபின் எஞ்சிய படைப்பண்டங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. ஒருநாளும் வானில் ஏறாத வணிகனோ வண்டிக்காரனோ அதனை விலைக்கு வாங்கி அணிந்திருக்கலாம். ஆகவே "உடையவன்" என்னும் சொல்லை ஆராய்வோன் பிரித்துப் பொருள்கொள்ளல் வேண்டும்: முதலிற் பெற்றவன், இறுதியாக அணிந்தவன், கைவிட்டுச் சென்றவன், கண்டெடுத்தவன், காத்து வைத்தவன் என ஐவர் இருத்தல் கூடும்.

குறி கிடைத்தபின் பதிவேட்டை நாடவேண்டும். பிரித்தானிய விமானப்படையின் ஒவ்வோர் அணியும் நாள்தோறும் நடவடிக்கைப் பதிவேடு எழுதிவந்தது. எவ்விமானம் எத்தனை மணிக்கு எழுந்தது, யார் யார் சென்றனர், எப்போது மீண்டது என்பன அதிற் குறிக்கப்படும். அவ்வேடுகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திற் பேணப்படுகின்றன. மாண்டோர் பெயரைப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு பதிந்துள்ளது. கல்லறை கிடைத்தவர் பலர் திருகோணமலையில் நிலாவெளி வீதியிலுள்ள போர்மயானத்தில் உறங்குகின்றனர். இப்பகுதிக் கடலில் மறைந்து கல்லறையே கிட்டாத விமானப்படையினரின் பெயர்கள், சிங்கப்பூர்க் கிராஞ்சியிலுள்ள நினைவுச்சுவரில், 24,000க்கு மேற்பட்ட பெயர்களோடு பொறிக்கப்பட்டுள்ளன. ஹேர்மிஸ் மாலுமிகளுட் பலரின் பெயர்கள் இங்கிலாந்தின் கடற்படை நினைவுத்தூண்களில் உள்ளன.

பதிவேடும் தவறாத சான்றன்று என்பதற்கு ஏப்பிரல் 4ஆந் தேதி நிகழ்ச்சியே சான்று. பகைப்படையைக் கண்டு செய்தி அனுப்பிய கற்றலினாவின் தலைவர் லெனாட் பேர்ச்சல். அவருடன் சென்றோரையும் சேர்த்து ஒன்பதின்மர். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. செய்தி இடையில் அறுந்தது. கரையில் இருந்தோர் அறிந்தது அவ்வளவே. உண்மையில் மூவர் மாள, அறுவர் யப்பானியரால் நீரினின்றும் எடுக்கப்பட்டுச் சிறைப்பட்டனர். பேர்ச்சல் 1945இல் விடுதலை பெற்று உயிரோடு மீண்டார். காணாமற்போனவன் என்னும் சொல் மாண்டவன் என்று பொருள்படாது. அவ்வேட்டை மட்டும் நம்பி ஓர் அங்கியை இறந்தவன் உடைமையென முடிவு கட்டியிருந்தால், உயிரோடிருந்தவனுக்கு நடுகல் நட்ட கதையாய் முடிந்திருக்கும்.

அமெரிக்க ஏடுகளுக்கு நேர்ந்த கேடு வேறுவகையானது. மிசூரி மாநிலத்திற் சென் லூயிஸ் நகரை அடுத்திருந்த படையாள் பதிவேட்டு நிலையத்தில் 1973 ஜூலை 12ஆந் தேதி மூண்ட தீ, 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரையான கோவைகளை அழித்தது. 1912 முதல் 1960 வரையில் தரைப்படையினின்றும் விலகியோர் கோவைகளில் நூற்றுக்கு 80 பங்கு அதிற் போயிற்று. பீ-29 விமானக்குழுவினர் அக்காலத்தில் தரைப்படையின் வான்பிரிவைச் சேர்ந்தவராதலின், அவருட் பலரின் கோவைகளும் இவ்வழிவில் அடங்கும். எஞ்சியவை நாளறிக்கைகளும், காணாமற்போன விமானக்குழு அறிக்கைகளும், சேர்க்கைப் பட்டியல்களுமே. ஆள் ஒருவனின் தனிக்கோவை எரிந்துவிட்டமையால், அவன் உட்புறத்து எழுதிய ஐந்தெழுத்துக் குறியே அவனுக்கு எஞ்சிய ஏடாக நிற்பதும் உண்டு. பழம் அங்கியொன்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைப்பவர் அறியாமலே அவ்வேட்டையும் அழித்துவிடுகின்றனர்.

எத்தனை சான்று கிடைத்தால் ஒரு பெயரைத் துணிந்து கூறலாம்? ஒன்றையொன்று சாராத இரண்டேனும் ஒருவனையே சுட்டவேண்டும். சலவைக்குறியும் பதிவேடும் ஒத்தல், படைச்சின்னமும் அங்கி கிடைத்த இடமும் ஒத்தல் போல்வன அவை. ஒரே குறி பலருக்குப் பொருந்துமாதலின் ஒற்றைச் சான்று போதாது. தவறான பெயரைச் சூட்டுவதனால் நேரும் தீங்கு சிறியதன்று. உரியவன் இரண்டாம் முறையும் பெயரிழக்கின்றான். உரியவனல்லாதவனின் மக்கள், தம் தந்தையின் உடைமையென நம்பிப் பிறன் உடையைப் பேணுகின்றனர். விற்பனைக்காகப் புகழ்மிக்க கப்பலின் பெயரை அங்கியோடு ஒட்டிவிடுவோர் இவ்விரு தீங்கையும் ஒருங்கே செய்கின்றனர்.

இழந்ததைச் சான்றுகளால் மீட்கும் நெறிக்கு இம்மண்ணிலேயே எடுத்துக்காட்டு உண்டு. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இயல்பை இலக்கியக் குறிப்புகளையும் உரையாசிரியர் கூற்றுக்களையும் இசைக்கணக்கையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கி ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. கருவி கையில் இல்லை. கருவியைப் பற்றிய சொற்கள் இருந்தன. அங்கியின் செய்தியோ இதற்கு மறுதலை: பொருள் கையில் உண்டு, அதனைப் பற்றிய சொற்களே இல்லை. ஆயினும் நெறி ஒன்றே. ஒரு சான்றின் குறையை மற்றொரு சான்றால் நிரப்புவதும், நிரப்ப இயலாத இடத்தை இடைவெளியாகவே விட்டுவிடுவதும் அந்நெறியாகும்.

சொற்கள் முற்றிலும் இல்லை என்பதும் பொருந்தாது. அங்கி எவ்வில்லத்திற் கிடைத்ததோ அவ்வில்லத்தாரின் வாய்மொழி ஒரு சான்று. அது யாரிடமிருந்து யாரிடம் வந்தது, எந்த ஆண்டில், என்ன விலைக்கு அல்லது என்ன உதவிக்கு ஈடாக, அக்காலத்தில் வீட்டுத்தலைவர் என்ன தொழில் செய்தார் என்பவற்றை முறையாகக் கேட்டு எழுதவேண்டும். சீனன்குடாத் தளத்திற் கூலிவேலை செய்தவர் கைக்கு வந்த அங்கிக்கும், கடலோரத்திற் கண்டெடுத்த அங்கிக்கும் வரலாறு வேறு. கேட்போன் "இது ஹேர்மிஸ் கப்பலில் வந்ததா?" என்று வினவுதல் ஆகாது. அவ்வாறு கேட்டால் ஆம் என்னும் விடையே வரும். "இது எவ்வாறு வந்தது?" என்று வினவிவிட்டு அமைந்திருத்தலே முறை.

இவ்வாறு விசாரிக்கும்போதுதான் இவ்வாராய்ச்சியின் முழுப்பயன் வெளிப்படும். அணியின் பதிவேட்டில் விமானத்தின் இலக்கத்துக்கு ஒரு நிரல் உண்டு. விமானியின் பெயருக்கு ஒரு நிரல் உண்டு. எழுந்த நேரத்துக்கும் மீண்ட நேரத்துக்கும் நிரல்கள் உண்டு. ஓடுபாதைக்குக் காடு வெட்டியவன் பெயருக்கும், பண்டகசாலையில் மூட்டை சுமந்தவன் பெயருக்கும், அன்று குண்டோசை கேட்டுக் கடலைப் பார்த்து நின்றவன் பெயருக்கும் அதில் நிரல் இல்லை. அந்நியன் பெயரை அறிய இலண்டனிலும் சிங்கப்பூரிலும் ஏடும் கல்லும் இருக்கின்றன. அவன் உடையை எண்பது ஆண்டுகள் கறையான் அரியாமல் காத்தவர்களின் பெயர், அவர் வீட்டாரின் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை.

மட்டக்களப்பின் வரலாற்றைத் தொகுத்த பெரியோரின் நூல்கள் மதிப்புமிக்கவை. எஸ். ஓ. கனகரத்தினத்தின் ஆங்கில நூல் 1921இல் வந்தது. ஆகவே அது இப்போருக்கு முற்பட்டது. எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962இலும், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இலும் வெளிவந்தன. பழமரபும் நாட்டுவழக்கும் மறையாமற் காத்தமைக்கு இவர்கட்கு இந்நாடு கடமைப்பட்டுள்ளது. அவர் பழமைக்குச் செய்த தொண்டினை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் செய்தல் பின்வந்தோர் கடன்.

அக்கடனைத் தாமதித்தற்கு இடமில்லை. 1978 நவம்பர் 23ஆந் தேதி வீசிய சூறாவளி இவ்வூர்க் கூரைகளோடு பெட்டிகளையும் ஏடுகளையும் கொண்டுபோயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிற் குடும்பங்கள் கையிலெடுத்ததை மட்டும் கொண்டு இடம்பெயர்ந்தன. 2004 டிசெம்பர் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலை, கல்லடியிலும் நாவலடியிலும் மனிதரையும் மனைகளையும் ஒருங்கே வாரிக்கொண்டது. 1942இற் பத்து வயதினராய் இருந்தோர் இப்போது தொண்ணூறைக் கடந்துவிட்டனர். ஹேர்மிஸ் கப்பலின் உடல் ஐம்பது மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் இன்னும் கிடக்கின்றது. நீர்மூழ்குவோர் சென்று கண்டு மீள்கின்றனர். இரும்பு நெடுங்காலம் நிற்கும். வாய்மொழி அவ்வாறு நிற்பதன்று.

ஆதலின் பழம் அங்கியோ, அடையாளத் தட்டோ, விமான உதிரியோ தம் இல்லத்திற் கிடைக்கப்பெறும் மாணவர் செய்யத்தக்கவை சில. அதனைக் கழுவாதிருத்தல், வெயிலிலும் நெகிழித்தாள் உறையிலும் வையாது நிழலிற் காற்றாட வைத்தல், சீட்டையும் தையலையும் குறியையும் படமெடுத்தல், வீட்டில் மூத்தோரிடம் அது வந்த வரலாற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரும் நாளும் குறித்து அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுதல். இவை செய்தபின் பதிவேட்டைத் தேடலாம். தேடியும் பெயர் கிட்டாதாயின், பழந்தொகையாளர் புலவருக்குச் செய்ததுபோல, அவ்வங்கியிற் காணும் ஓர் அடையாளத்தாலேயே அதனைக் குறித்து வைத்தல் தகும். பெயர் தெரியாதவனைப் பெயர் தெரியாதவனாகவே மதித்தலும் ஒரு மரியாதையே.

பெயர் கிட்டுமாயின், ஒன்றன்று, இரண்டு பெயர்களை எழுதுதல் வேண்டும். கடல் கடந்து வந்து அவ்வங்கியை அணிந்தவன் பெயர் ஒன்று. இவ்வாவிக்கரையில் அதனைக் காத்து வைத்தவர் பெயர் மற்றொன்று. அவ்விரண்டும் ஒரே தாளில் அமையும்போதே அவ்வங்கியின் வரலாறு நிறைவு பெறும்.